எல்லைக்கல்லைத் தாண்டிய செருப்புகள்

மலைக்கு ஆள் கூட்டிட்டுப் போற தொழில்ல மலை ஒரு பாடே இல்லீங்க. கூட வர்ற ஆளுதான் பாடு.

உங்க ஊருக்கும் ஒறம்பரை, அதான் விருந்தாளிங்க, வந்திருப்பாங்க. கோயிலைக் காட்டு, ஆத்தைக் காட்டுன்னு உசிரை வாங்கியிருப்பாங்க. வேகாத வெயில்ல கூட்டிட்டுப் போயிக் காட்டினா, "இவ்வளவுதானா?"ன்னு கேட்டிருப்பாங்க. அப்ப உங்களுக்கு ஒரு கோவம் வந்திருக்கும் பாருங்க, அதைப் பல வருசம் முழுங்கிட்டே மலை ஏறுனவன் நான். அதனால நான் சொல்றது உங்களுக்குத்தான் புரியும்.

எம் பேரு பொன்னன். கொல்லிமலைல வாசலூர்பட்டிக்குப் பக்கத்துல, பத்திருபது ஊடு இருக்கற சின்ன ஊரு. இது வெள்ளைக்காரன் ஆண்டுட்டிருந்த காலத்துக் கதை. அப்ப மலைக்கு ரோடு கெடையாது. சேந்தமங்கலம் வரைக்கும் பஸ்ஸு, அங்கிருந்து அடிவாரத்துக்கு மாட்டு வண்டி, அதுக்கு மேல அவங்கவங்க காலு. காலு ஒத்துழைக்காதவங்களுக்கு டோலி. ராகியும் சாமையும் வெதைக்கிற நாளு, அறுக்கிற நாளு போக மத்த நாள்ல நான் சேந்தமங்கலம் சந்தைல நிப்பேன். மலையைப் பாத்துட்டு எவனாவது கழுத்தைத் தடவுனா, அவன் வெளியூரு. "ஏனுங்க, மேல வர்றீங்களா? அருவி இருக்குது, கோயிலு இருக்குது, குளுகுளுன்னு காத்து இருக்குது"ன்னு போயி ஒட்டிக்குவேன்.

கூலிக்கு மட்டும் இதுக்கு வரலைங்க. எம் மலைன்னா எனக்குக் கிறுக்கு. மேல வந்து நின்னு ஒருத்தன் "அடேயப்பா!"ன்னு வாயைப் பொளந்தா, அந்த ஒரு சொல்லுக்காக மறுபடி கீழ எறங்கி இன்னொருத்தனைக் கூட்டியாருவேன். கஷ்டம் என்னன்னா, பத்துல ஒம்பது பேரு அதைச் சொல்றதில்ல.

நெய்க்காரரின் தூக்கம்

எங்க ஊரு எல்லைல ஒரு கல்லு நட்டிருக்குது. அதுக்கு உள்ள மாரியாத்தா காவலு. செருப்புக் காலோட எவனும் அந்தக் கல்லைத் தாண்டப்படாது. டோலில வர்றவனும் அங்கயே எறங்கி, வெறுங்காலோட நடந்துதான் உள்ள வரோணும். மீறினா ஊருக்கே ஆகாது. பொங்க வெச்சு, சேவலறுத்து ஆத்தாளைச் சமாதானம் பண்ணோணும். இதுல ஒரு விசயம் பாருங்க. தப்புப் பண்ணுன வெளியூர்க்காரன் மேல பழி விழாது. அவனுக்கு வழக்கம் தெரியாதே! பழியெல்லாம் கூட்டியாந்தவன் தலைல.

ராசிபுரத்துல இருந்து ஒரு நெய் வியாபாரி வந்தாரு. தன் சரக்கைத் தானே தின்னு பாத்து விக்கிறவருன்னு ஒடம்பே சொல்லுச்சு. வழக்கமா நாலு பேரு தூக்கற டோலிக்கு ஆறு பேரைப் போட்டேன். "நான் கண்ணை மூடவே மாட்டேன், இயற்கைக் காட்சி பாக்கோணும்"ன்னு சொன்னவரு, ரெண்டாவது திருப்பத்துல கொறட்டை விட ஆரம்பிச்சுட்டாரு. சோறாக்கச் சொல்றதுக்கு நான் முன்னாடி ஊட்டுக்கு ஓடிட்டேன். அதுதான் நான் பண்ணுன மடத்தனம். டோலிக்காரங்க எல்லைக்கல்லுகிட்ட வந்து ஒருத்தரை ஒருத்தர் பாத்திருக்காங்க. எறக்குனா மறுபடி தூக்க முடியாதுன்னு ஆறு பேருக்கும் ஒரே நெனப்பு. அப்படியே செருப்பு, டோலி, கொறட்டை எல்லாத்தோடயும் ஊருக்கு நடுவுல கொண்டாந்து வெச்சுட்டாங்க.

ஊரே கூடிருச்சு. பொம்பளைங்க மாரடிக்காத கொறைதான். ஊர்க்கவுண்டரு கம்பை ஊனிட்டு வந்து பலாமரத்தடிக் கல்லு மேல உக்காந்தாரு. அங்க அவரு உக்காந்தா தீர்ப்புன்னு அர்த்தம். "பொங்கலும் சேவலும் பொன்னன் பொறுப்பு. இன்னொருக்கா இப்படி நடந்தா அவனுக்கு இந்த ஊர்ல தீயும் இல்ல, தண்ணியும் இல்ல"ன்னாரு. அப்படின்னா அடுப்புக்கு ஒரு கங்கு குடுக்க மாட்டாங்க, ஊத்துல ஒரு கொடம் மொள்ள உட மாட்டாங்க. மூட்டையைக் கட்டிட்டுக் கீழ எறங்க வேண்டியதுதான். அந்த நேரம் பாத்து டோலிக்குள்ள நெய்க்காரரு முழிச்சாரு. சுத்தி நின்ன கூட்டத்தைப் பாத்தாரு. மொகமெல்லாம் மலர்ந்து, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டாரு.

"ஒருத்தனைப் பாக்கறதுக்கு ஊரே திரண்டு வந்திருக்கீங்களே! சேலத்துல கூட எனக்கு இந்த மரியாதை கெடைச்சதில்லீங்க!"

செல்லாயியின் தீர்ப்பு

பொங்கல் வெச்சு முடிச்சுட்டு ஊட்டுக்கு வந்தா, எம் பொண்டாட்டி செல்லாயி பேசவே இல்ல. கோழிக்குத் தீனி போட்டா, மாட்டுக்குத் தண்ணி காட்டுனா, எனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. நானாத்தான் ஆரம்பிச்சேன். "ஒருவேளை இன்னொருக்கா தப்பு நடந்து, ஊரை உட்டுப் போகச் சொன்னா என்ன புள்ள பண்றது? சேந்தமங்கலத்துல ஒரு குடிசை போட்டுக்கலாமா?"ன்னேன். அவ மலைல பொறந்தவ, மலைலயே வளந்தவ. ஒரே ஒருக்கா கல்யாணச் சீலை எடுக்கக் கீழ போயிட்டு, வெயில் தாங்காம சீலைக்கடை வாசல்லயே படுத்துக்கிட்டவ.

அவ யோசிக்கக்கூட இல்லீங்க. மொறத்தைத் தட்டிட்டே சொன்னா. நான் ராகிக்களித் தட்டைத் தள்ளி வெச்சுட்டேன். அவ சொன்னாச் சொன்னதுதான்னு தெரியும். மலையும் போயி, அவளும் போயி, நான் மட்டும் கீழ நின்னு கழுத்தைத் தடவிட்டு மலையைப் பாக்கறதை நெனைச்சாலே அழுகை வந்துச்சு. அன்னையிலிருந்து எவனைக் கூட்டியாந்தாலும் எங்கண்ணு அவன் மொகத்துல இருக்காது, காலுலதான் இருக்கும். அவ சொன்னது இதுதானுங்க:

"போறதுன்னா போங்க, யாரு வேண்டாம்னா? எங்கப்பன் என்னை இந்த ஊருக்குள்ள குடுத்தாரு, உங்க கால் போற எடத்துக்கெல்லாம் குடுக்கல."

கூப்பிடு தூரம்

நாமக்கல்லுல இருந்து ஒரு வாத்தியாரு வந்தாரு. பூகோளம் சொல்லிக் குடுக்கறவராம். ஒரு கைல கடியாரம், ஒரு கைல நோட்டுப் புஸ்தகம். எல்லைக்கல்லுகிட்ட வந்ததும் அவரு செருப்பை நானே குனிஞ்சு கழட்டி, துணில முடிஞ்சு, மரக்கெளைல கட்டித் தொங்கவுட்டேன். "இவ்வளவு மரியாதை வேண்டாமப்பா"ன்னாரு. மரியாதை யாருக்கு வேணும், எனக்கு எம் பொண்டாட்டி வேணும்.

மறுநாள் காலைல ஆகாய கங்கை அருவிக்குக் கௌம்புனோம். போற வழில தினை காவல் காத்துட்டிருந்த ஒரு ஆத்தாகிட்ட, "அருவி எவ்வளவு தூரம்மா?"ன்னாரு. "தா, கூப்பிடு தூரந்தானுங்க சாமி"ன்னுச்சு அது. வாத்தியாரு சந்தோசமா நோட்டுல எழுதிக்கிட்டாரு. எங்க மலைல கூப்பிடு தூரம்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லிப்போடறேன். இந்த மேட்டுல நின்னு கூப்பிட்டா, எதுத்த மேட்டுல இருக்கறவனுக்குக் கேக்கோணும், அவ்வளவுதான். கொரலு நேராப் போயிரும். காலு அப்படியா? கீழ பள்ளம் வரைக்கும் எறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறிப் போகோணும். ரெண்டு மணி நேரமாச்சு. வாத்தியாரு ஒரு பாறைல உக்காந்துட்டாரு. அப்ப "மாமோவ்! கஞ்சி குடிச்சீங்களா?"ன்னு பக்கத்துல நின்னு கேக்கற மாதிரி ஒரு கொரலு. வாத்தியாரு துள்ளி எந்திரிச்சு, "வந்துட்டோம் போல!"ன்னாரு. செல்லாயிதாங்க, காலைல நாங்க உட்டுட்டு வந்த ஊர்ல நின்னு கூப்பிடறா. எனக்கு வேற அவ கோவம் தீந்து பேசிட்டான்னு சந்தோசம், நானும் பதிலுக்குக் கத்துனேன். அவளும் உடல. வாத்தியாரு நோட்டுல எழுதுனதைக் கோடு போட்டு அடிச்சாரு, அடிச்சுட்டு எங்கிட்டத் திரும்புனாரு.

"அந்தம்மாவை முதல்ல வாயை மூடச் சொல்லு! அவங்க ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் நான் வந்து சேர்ந்துட்டேன்னு நெனைச்சு எந்திரிக்கிறேன்!"

விஷக்காத்து

கொல்லிமலைக்குப் போனா காய்ச்சல் வரும்னு அப்ப கீழ்நாட்டுல ஒரு பயம். பொய்யும் இல்லீங்க, மலைக்காய்ச்சல்ல செத்தவங்க இருக்காங்க. ஆனா சேலத்துல இருந்து வந்த வக்கீல் குமாஸ்தா ஒருத்தரு பயந்த மாதிரி யாரும் பயந்ததில்ல. கழுத்துக்கு ஒரு மப்ளரு, காதுக்குப் பஞ்சு, மூக்குக்குக் கைக்குட்டை. வேளாவேளைக்குக் காய்ச்சலைத் தடுக்கற கொயினா மாத்திரை. குடிக்கறதுக்குச் சேலத்துத் தண்ணி ரெண்டு கூஜா. அதை நான்தான் தூக்கிட்டு வந்தேன். எங்க ஊத்துத் தண்ணி பளிங்கு மாதிரி ஓடுது, அதுக்குப் பக்கத்துல உக்காந்து அந்தாளு மூணு நாளு பழைய கூஜாத் தண்ணியைக் குடிச்சாரு. பாக்கப் பாக்க எனக்கு வயிறெரிஞ்சுது.

வர்றப்பவே அவருக்கு மூக்கொழுகிட்டு இருந்துச்சு. தும்மறதெல்லாம் எம் மேல. மூணாம் நாளு எனக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது, தலை தூக்க முடியல. அவரு ஜோரா எந்திரிச்சு மப்ளரைக் கழட்டி ஒதறிட்டு, பாயில கெடந்த என்னை வந்து பாத்தாரு. ரெண்டு கொயினா மாத்திரையை எங்கைல வெச்சு அழுத்திட்டு, ரொம்ப எரக்கத்தோட தலையை ஆட்டுனாரு.

"பாவம், உனக்கு இந்த மலைக்காத்து ஒத்துக்கலப்பா. பேசாம கீழ வந்து பொழைக்கிற வழியைப் பாரு."

சாகா மூலிகை

கொல்லிமலைன்னா மூலிகைன்னு ஒரு பேரு இருக்குது. அதனால வருசத்துக்கு நாலு பேராவது சாகாம இருக்கறதுக்கு வழி தேடி வருவாங்க. மூச்சு வாங்கறதைப் பாத்தா மேல போய்ச் சேர்றதுக்குள்ளயே முடிஞ்சிரும் போல இருக்கும். திருச்செங்கோட்டுல இருந்து வந்த ஒரு பணக்காரரு, அறுவது வயசு இருக்கும், புதுசா ரெண்டாம் கல்யாணம் பண்ணியிருந்தாரு. மத்ததை நீங்களே புரிஞ்சுக்குங்க. "எளமை திரும்பற தழை எதுடா?"ன்னாரு. "சளிக்குத் தழை தெரியும், வயித்துக் கடுப்புக்குத் தெரியும், இது எனக்குத் தெரியாதுங்க"ன்னேன். "ரகசியம்னு மறைக்கிறான்"னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டு, வழில கண்ட தழையெல்லாம் பறிச்சு மெல்ல ஆரம்பிச்சுட்டாரு. எங்க ஊரு வெள்ளாடு கூட அத்தனை தழை திங்காது.

ஓடைக்கரைல ஒரு பொதரைப் பாத்ததும், "இதான், இதான்"னு வேட்டியைத் தூக்கிட்டு உள்ள புகுந்தாரு. நான் கத்தறதுக்குள்ள காரியம் மிஞ்சிப் போச்சு. அது செந்தட்டிங்க, பட்ட எடமெல்லாம் தீயா அரிக்கும். மனுசன் தொடைல இருந்து கழுத்து வரைக்கும் செவந்து, அந்த வழுக்குப் பாறை மேல குதிக்கறாரு, சுத்தறாரு, ஒத்தைக் கால்ல நிக்கறாரு. இருவது வயசுப் பையன் கூட அப்படிக் குதிக்க முடியாது. நான் பதறிப் போயி ஓடைத் தண்ணியை அள்ளிட்டு ஓடறேன், என்னைக் கையால தள்ளுறாரு.

"ஊத்தாதடா, ஊத்தாத! ஒடம்பெல்லாம் கிண்ணுன்னு இருக்குது, வேலை செய்யுதுடா!"

சாமி மீனு

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துல ஆத்துல மீனுங்க கூட்டங்கூட்டமா நிக்கும். அதுங்களுக்குப் பொரி போடலாம், புடிக்க ஆகாது. சாமி மீனு. ஒரு கன்ட்ராக்டரு, கட்டடம் கட்டறவரு, பொரியைக் கைல வெச்சுக்கிட்டு அதுங்களையே அரை மணி நேரம் பாத்தாரு. பக்தில மெய் மறந்துட்டாருன்னு நெனைச்சேன். எனக்கே கொஞ்சம் கண்ணு கலங்கிப் போச்சு. கடைசில ஒரு பெருமூச்சு உட்டாரு.

"மொளகும் இங்கயே வெளையுது, மீனும் இங்கயே நீந்துது. நடுவுல சாமியை ஏம்பா கொண்டாந்து வெச்சீங்க?"

தொரையோட காலு

முள்ளுக்குறிச்சிப் பக்கம் முகாம் போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தொரை, மலையைப் பாக்கோணும்னு பட்லரோட வந்தாரு. அவரு போட்டிருந்த பூட்ஸைப் பாத்ததுமே எனக்கு எல்லைக்கல்லு ஞாபகம் வந்துருச்சு. முட்டி வரைக்கும் தோலு, பத்திருபது ஓட்டை, அதுல குறுக்கும் நெடுக்கும் கயிறு. தொரைகிட்ட இதைக் கழட்டுன்னு யாரு சொல்றது? பட்லரைக் கெஞ்சுனேன். "எனக்கு வேலையும் வேணும், முதுகுத் தோலும் வேணும், நீயே சொல்லு"ன்னுட்டாரு. எல்லைக்கல்லு நெருங்கிருச்சு. அந்தப் பக்கம் ஊர்க்கவுண்டரு கம்பை ஊனிட்டு நிக்கறாரு. அவருக்குப் பின்னாடி செல்லாயி.

வேற வழி தெரியல. கல்லுக்கு முன்னாடி, பாதைக்குக் குறுக்கால நெடுஞ்சாண்கெடையா உழுந்துட்டேன். நான் மயக்கம் போட்டுட்டேன்னு நெனைச்சுத் தொரை என் வாயைப் பொளந்து, இடுப்புல இருந்த குப்பியை எடுத்து ஊத்திட்டாரு. தொண்டை நெருப்பா எரியுது. இருமிக்கிட்டே அவரு பூட்ஸைத் தொட்டேன், கல்லைக் காட்டுனேன், எங் கழுத்தைக் காட்டி அறுக்கற மாதிரி சைகை பண்ணுனேன். மகராசனுக்குப் புரிஞ்சு போச்சுங்க. "ஓ, கோவில்?"னு கேட்டுட்டு, தரைல உக்காந்து கயிறை அவுக்க ஆரம்பிச்சாரு. பாதி நாழிகைக்கு மேல ஆச்சு. பூட்ஸு வந்ததும் பாத்தா, ரெண்டு காலும் கொப்புளம். அவரு மொகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க! புல்லு மேல வெறுங்காலை வெச்சு, கண்ணை மூடிட்டு, "அடேயப்பா"ங்கற மாதிரி அவரு பாசைல என்னவோ சொன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. பட்லரு மட்டும் வாயைப் பொளந்து தொரையோட காலையே பாத்துட்டு நின்னாரு.

"ஒம்பது வருசமா சோறு போடறேன், தொரைக்கும் நம்மள மாதிரியே கால் வெரலு இருக்குதுன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

கவுண்டரு கீழ எறங்குனாரு

இப்படி வெளியூரு ஆளுங்களை எல்லாம் ஒரு தப்பும் நடக்காம சமாளிச்சுட்டேன். அப்புறம்தான் வந்துச்சு வினை. யுத்த காலம். ஊர்க்கவுண்டரு சேந்தமங்கலத்து ஆபீசுல ஒரு காயிதத்துல கைநாட்டு வெக்கோணும்னு ஆளு வந்து சொல்லிட்டுப் போனான். கவுண்டரு கீழ எறங்கிப் பன்னெண்டு வருசமாச்சு. "நீதான்டா தெனமும் போறவன், என்னைக் கூட்டிட்டுப் போ"ன்னாரு. எல்லாரையும் மேல கூட்டிட்டு வந்தவன், முதல் தடவையா ஒருத்தரைக் கீழ கூட்டிட்டுப் போனேன்.

அட சாமி! நான் பாத்த அத்தனை விருந்தாளியும் ஒண்ணாச் சேந்து ஒரு ஒடம்புக்குள்ள வந்த மாதிரி இருந்துச்சு. "இன்னும் எவ்வளவு தூரம்டா?"ன்னு அடிக்கு ஒருக்கா கேட்டாரு. கீழ்நாட்டுத் தண்ணி ஆகாதுன்னு மலைல இருந்து சொரைக்குடுக்கைல கொண்டாந்தாரு. அதையும் நான்தான் தூக்குனேன். அப்ப பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, பஸ்ஸுக்குப் பின்னாடி கரி அடுப்பு வெச்சு ஓட்டுவாங்க. ஒரு ஆளு அந்த அடுப்பைச் சுத்திச் சுத்தி வேர்த்துக்கிட்டே காத்தடிச்சுட்டு இருந்தான். கவுண்டரு ரொம்ப நேரம் பாத்துட்டு, "இத்தன நேரமா அடுப்பை ஊதறான், இன்னும் ஒலை வெக்கலையே"ன்னு கவலைப்பட்டாரு. சந்தைல எங்க மலைக்காரன் ஒருத்தனைப் பாத்துட்டு, மலைல கூப்பிடற மாதிரி ஒரு கூப்பாடு போட்டாரு. ரெண்டு வண்டி மாடு கயித்தை அத்துக்கிட்டு ஓடுச்சு.

மத்தியான வெயிலு. மலைல மண்ணு சுடாது. சேந்தமங்கலத்துல ரோட்டுல காலு வெக்க முடியல. கவுண்டரு பொரியற கடுகாட்டம் துள்ளுனாரு. செருப்புக் கடை நெழல்ல போயி ஒதுங்குனாரு. ஒதுங்குன எடத்துலயே ஒரு சோடி வாங்கிட்டாரு. வாழ்க்கைல முதல் செருப்பு. கொஞ்ச தூரம் கால் கட்டுன கோழியாட்டம் நடந்தாரு, அப்புறம் பழகிப் போச்சு. கைநாட்டு வெச்சுட்டு, ஊரை ஒரு சுத்துச் சுத்திக் காட்டுனேன். பெருமாள் கோயிலு, கடைவீதி, கோட்டை மேடு எல்லாம் காட்டி முடிச்சதும், ஒவ்வொருத்தனும் எங்கிட்ட எந்த மொகத்தைக் காட்டுவானோ அதே மொகத்தைக் காட்டுனாரு.

"இதென்னடா ஊரு? எங்க நின்னு பாத்தாலும் அடுத்த ஊட்டுச் செவுருதான் தெரியுது!"

கல்லுக்கு உள்ள

மறுநாள் விடியக்காலைலயே மலை ஏற ஆரம்பிச்சோம். வழி முச்சூடும் கவுண்டரு பேச்சு ஓயல. பஸ்ஸு, அடுப்பு, ஆபீசுல சுத்தற விசிறின்னு நானே பாக்காததை எல்லாம் பாத்த மாதிரி சொல்லிட்டு வந்தாரு. எல்லைக்கல்லைத் தாண்டுனோம். நெய்க்காரருக்கு அப்புறம் வந்த அத்தனை பேரு காலையும் பாத்தவன், வாத்தியாருக்குக் குனிஞ்சு கழட்டுனவன், தொரைக்கு முன்னாடி உழுந்தவன், அன்னைக்குக் கவுண்டரு காலைப் பாக்கவே இல்லீங்க. அவரு ஊரைக் காக்கறவரு. அவருக்குப் போயி எல்லை சொல்லோணும்னு எந்த மடையனுக்குத் தோணும்? அவருக்கும் தோணல. நேரா வந்து பலாமரத்தடிக் கல்லு மேல உக்காந்து, "சனங்களே, கீழ நடக்கற கூத்தைக் கேளுங்க"ன்னு ஆரம்பிச்சாரு. யாரும் கேக்கல. எல்லாரு கண்ணும் கீழ இருந்துச்சு. நானும் பாத்தேன். புதுத் தோலு பளபளன்னு மின்னுது.

கவுண்டரோட பங்காளி ஒருத்தரு தொண்டையைச் செருமுனாரு. "கவுண்டரு பாவம், கீழ்நாட்டுல மயங்கிட்டாரு. ஆனா கூட்டியாந்தவன் பொன்னன். இது ரெண்டாவது தடவை. வழக்கம் வழக்கந்தானே?"ன்னாரு. நாலஞ்சு தலை ஆடுச்சு. கவுண்டரு செருப்பைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, மறுபடி செருப்பைப் பாத்தாரு. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவருக்கு மானம் தப்பிச்சுது, எனக்கு மலை போச்சு. சொல்லிருவாருன்னுதான் நெனைச்சேன். எங் காலு ரெண்டும் அந்த மண்ணுல நிக்கறது அதுதான் கடைசின்னு நெனைச்சு, எல்லாரு முன்னாடியும் அழுதுட்டேன்.

அப்ப செல்லாயி முன்னாடி வந்தா. இடுப்புல கொடம், சீலை நனைஞ்சு போயிருக்குது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. கவுண்டரு இந்த ஊருக்கு ஒறம்பரையா, ஊர்க்காரரா? ஒறம்பரைன்னா எம் புருசன் இப்பவே போகட்டும். ஆனா ஒறம்பரை அந்தக் கல்லு மேல உக்கார ஆகாது, மொதல்ல அவரை எந்திரிக்கச் சொல்லுங்க. ஊர்க்காரருன்னா, வழக்கம் தெரிஞ்சவரை எவன் கூட்டியாந்தா என்ன? சீக்கிரமாச் சொல்லுங்க, கொடம் கனக்குது"ன்னா. கவுண்டரு மெதுவா எந்திரிச்சாரு. செருப்பைக் கழட்டிக் கைல எடுத்தாரு. வெறுங்காலோட நடந்து எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போனாரு. செருப்பை அங்க போட்டுட்டு, கும்பிட்டுக்கிட்டே திரும்ப உள்ள வந்தாரு. பலாமரத்தடிக் கல்லு மேல உக்காரல, நின்னுட்டே தீர்ப்புச் சொன்னாரு. பொங்கலும் சேவலும் அவரு பொறுப்பு; இனிமே எவனைக் கூட்டியாந்தாலும் பொன்னன் மேல பழி இல்லன்னாரு. செல்லாயி கொடத்தை எறக்கி வெச்சுட்டு, எம் மூக்கைச் சீலைத் தலைப்பால தொடச்சு உட்டா, ஊரே பாக்க. கவுண்டரு போகப் போனவரு நின்னு, கல்லுக்கு அந்தப் பக்கம் கெடந்த சோடியை ஒருக்காத் திரும்பிப் பாத்தாரு.

"செருப்பு எவன் கால்ல இருக்குதோ தப்பு அவனுது, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன் சாமிகளா, போட்டு நடந்தா அது அவ்வளவு சொகமா இருக்குது!"

இத்தனை வருசம் ஊரைச் சுத்திக் காட்டுனதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதாங்க: எந்த ஊருக்கும் ரொம்ப ஆபத்தான விருந்தாளி, ஒரே ஒரு நாளு வெளியூரு போயிட்டுத் திரும்பி வர்ற உள்ளூர்க்காரன்தான்.